சாரலில் ஒரு நாள்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று மலையிடை வழியே நுழைந்துவிட்டால், இவ்விரு ஊர்களிலும் வெயிலும் சாரலும் மாறிமாறி வந்துகொண்டிருக்கும். அத்தகைய சனிக்கிழமை ஒன்றில் நான்கு வயது மகனை அழைத்துக்கொண்டு, தென்காசியில் ஆச்சி வீட்டிலிருந்து புறப்பட்டோம். பிழைப்பின் பொருட்டு வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் தங்கும் தந்தை, ஓராண்டாகச் சொல்லி வந்த வாக்கு இது. தவறிப்போன விடுமுறைகள் பல. அண்மைக் காலமாகப் பிள்ளை அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டான். அதுவே எங்களை உறுத்திற்று.

பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டுமென்பது எங்கள் திட்டம். பேரருவியை அடைந்தபோது, பாதுகாப்பு வளைவையும் தாண்டி நீர் கொட்டிக்கொண்டிருந்தது. குளிக்கத் தடை. காவலர் விசில் ஊதிக் கூட்டத்தை விலக்கினர். முணுமுணுத்தோர் பலர், நாங்களுந்தாம். ஆனால் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம், 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனது நினைவுக்கு வந்ததும் வாய் அடங்கிற்று. மலைமேல் பெய்யும் மழை, கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லையே!

விலகி நின்றே அருவியைக் காட்டினோம். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் நீர், நேராகத் தரைக்கு வராமல், இடையே பாறையில் குடைந்திருக்கும் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, அங்கிருந்து பொங்கி வழிகிறது. வேகம் தணிவதனாலேயே மனிதர் அதன் அடியில் தலை கொடுத்து நிற்க முடிகிறது. இந்நீரே சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டுச் சென்று, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. இவ்வளவையும் விளக்கினோம். பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ராத்திரி இந்தக் குழாயை யாரு மூடுவாங்க?" என்றான்.

அருவியில் அவனுக்கு அவ்வளவுதான் நாட்டம். சாலையோரம் ஓடிய மழைநீரில் அமர்ந்துவிட்டான். நேந்திரங்காய் வறுவல் சுற்றியிருந்த செய்தித்தாளில் கப்பல் செய்து கொடுத்தோம். அது ஓடியது, கவிழ்ந்தது, வேறொன்று செய்தோம். தொடக்கத்தில் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தோம் என்பதை மறைப்பானேன்? ஐந்தருவிக்குப் போகும் பேருந்துகள் கடந்துகொண்டிருந்தன. இரண்டாவது கப்பல் நீரோட்டத்தில் விரைந்து, நின்றிருந்த வேன் ஒன்றின் அடியில் புகுந்தது. தந்தை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மறுபக்கம் ஓடிச் சேற்றில் வழுக்கி அமர்ந்தார். பிள்ளை கைகொட்டிச் சிரித்த சிரிப்பில், மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அம்மையாரும் சேர்ந்துகொண்டார். அந்த ஆரவாரத்தில் எங்கள் வாழைப்பழங்களைக் குரங்கு கொண்டுபோயிற்று. அதற்குப் பின் எவரும் கடிகாரம் பார்க்கவில்லை. மற்ற இரண்டு அருவிகளுக்கும் போகவுமில்லை.

நாசரேத்தூர் இல்லத்தில் இயேசு பாலன் என்ன விளையாடினார் என்பதை நற்செய்திகள் சொல்வதில்லை. ஆயினும் சந்தைவெளியில் குழல் ஊதி, ஒப்பாரி வைத்து விளையாடும் சிறுவரை அவர் உவமையாக எடுத்தாண்டதை மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவ்விளையாட்டை அருகிருந்து அறிந்தவராலன்றி அப்படிச் சொல்ல இயலாது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. 2025இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தம்மிடம் ஒப்புரவு பெற வந்த இளம் பெற்றோரிடம் பிள்ளைகளோடு விளையாடுவதுண்டா என்று வினவுவது தம் வழக்கமெனக் கூறியுள்ளார். எங்களிடம் கேட்டிருந்தால் அந்தச் சனிக்கிழமைக்கு முன் தலைகுனிந்திருப்போம்.

மறுநாள் தென்காசி மிக்கேல் அதிதூதர் ஆலயத்தில் திருப்பலி முடிந்து வெளியே வந்தோம். முந்திய இரவு வந்ததும் உறங்கிவிட்ட பேரனிடம், குற்றாலத்தில் என்ன பார்த்தாய் என்று ஆச்சி அப்போதுதான் கேட்டார்.

"அப்பா கப்பலைப் பிடிக்க ஓடி, கீழே விழுந்தாங்க" என்றான். பிறகு தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கும் விழுவீங்களா?" என்று கேட்டான்.