இன்றிரவு எங்கே தங்குவது?

அமெரிக்காவின் வரைபடத்தை மேசைமீது விரித்து, சிகாகோ நகரிலிருந்து தென்மேற்காகக் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா கடற்கரைவரை பென்சிலால் ஒரு கோடு வரைந்தால், அதுதான் ‘ரூட் 66’ நெடுஞ்சாலை. எட்டு மாநிலங்களைக் கடந்து செல்லும் இந்தச் சாலையின் நீளம் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். இது மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் போல் ஐந்து மடங்கு. கோடு வரைவது எளிது. அந்தக் கோட்டின்மேல் எங்கெங்கே புள்ளி வைப்பது என்று முடிவெடுப்பதுதான் கடினம். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இரவுத் தங்கல்.

இச்சாலையைக் கேரவனில் கடக்க ஆண்டுதோறும் பலர் புறப்படுகின்றனர். படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகியவற்றைத் தன்னுள்ளே கொண்ட வண்டிதான் கேரவன். வீட்டையே உடன் கொண்டு செல்பவருக்குத் தங்குமிடக் கவலை எதற்கு என்று தோன்றலாம். உண்மையில், வண்டியின் தண்ணீர்த் தொட்டி ஓரிரு நாளில் வற்றிவிடும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிடும். குளிரூட்டிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வெளியேற்றம் ஆகிய மூன்றுக்கும் இணைப்புள்ள முகாம்களைத் தேடியே கேரவன் பயணம் நகர்கிறது.

திட்டமிடுதல் நாள்கணக்கில் தொடங்குகிறது. விரைவுச்சாலையில் ஒரே நாளில் 800 கிலோமீட்டர் ஓட்டிவிட முடியும். ஆனால், ரூட் 66 விரைவுச்சாலை அன்று. 1926ஆம் ஆண்டு இதற்கு எண் வழங்கப்பட்டபோது, ஏற்கெனவே இருந்த ஊர்ச்சாலைகள் பலவற்றை இணைத்தே இதை உருவாக்கினர். அதனால் ஒவ்வொரு சிற்றூரின் நடுவேயும் இது புகுந்து செல்கிறது. 1985இல் இச்சாலை தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இன்று பழைய சாலை சில இடங்களில் துண்டு துண்டாகவும் சில இடங்களில் விரைவுச்சாலைக்கு அடியில் மறைந்தும் கிடக்கிறது. எனவே அனுபவமுள்ள பயணிகள் ஒரு நாளுக்கு 250 கிலோமீட்டருக்குமேல் கணக்கிடுவதில்லை. அந்தக் கணக்கின்படி, பயணம் முடிய இரண்டு வாரங்களுக்கு மேலாகும்.

அடுத்தது பருவம். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். அதற்கு அப்பாலுள்ள மொஹாவே பாலைவனத்திலோ கோடையில் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும். வசந்த காலத்தில் ஓக்லஹோமா சமவெளியில் சூறாவளிகள் எழும். அங்கே தங்குவோர் முகாமில் புயல் பாதுகாப்பறை உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குச் செல்வோர் கூடும் வில்லியம்ஸ் நகரின் முகாம்கள் கோடையில் விரைவில் நிரம்பிவிடும். அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஆல்புகெர்க்கி நகரில் வெப்பக்காற்று பலூன் விழா நடக்கும் நாள்களும் அப்படித்தான். இத்தகைய இடங்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். எஞ்சிய இரவுகளில் சிலவற்றைத் திறந்தே வைத்திருப்பது நல்லது. வழியில் ஓர் ஊர் பிடித்துப்போனால், கூடுதலாக ஒரு நாள் தங்கலாம் அல்லவா?

பயணத் திட்டங்களில் தவறாமல் இடம்பெறும் விதி ஒன்று உண்டு: பொழுது சாய்வதற்குள் முகாமைச் சேர்ந்துவிட வேண்டும். நீண்ட வண்டியைக் குறுகிய இடத்தில் இருட்டில் பின்னோக்கிச் செலுத்துவது கடினம். இன்று இது வசதிக்கான விதி. ஆனால், இதே சாலையில் ஒரு காலத்தில் சிலருக்கு அது உயிருக்கான விதியாக இருந்தது.

1930களில் ஓக்லஹோமாவிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் மழை பொய்த்தது. உழுத நிலத்தின் மேல்மண்ணைக் காற்று அள்ளிச் சென்றது. நிலத்தை இழந்த உழவர் குடும்பங்கள் பழைய வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, இச்சாலைவழியே கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டன. அவர்கள் இரவைக் கழித்த இடங்கள் பாலத்தின் அடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் இருந்தன. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட தம் புதினத்தில் இச்சாலையைத் ‘தாய்ச்சாலை’ என்று அழைத்தார். அந்தத் தாயின் மடியில் எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

கறுப்பினப் பயணிகளின் நிலை இன்னும் கொடியது. பணம் இருந்தும் பெரும்பாலான விடுதிகள் அவர்களுக்கு அறை தர மறுத்தன. உணவகங்கள் அவர்களைத் திருப்பி அனுப்பின. சில ஊர்களில் பொழுது சாய்ந்தபின் அவர்கள் நடமாடவே கூடாது. மீறினால் தாக்கப்படும் ஆபத்து இருந்தது. அதனால் அவர்கள் உணவையும் தண்ணீரையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு புறப்பட்டனர். இரவில் எந்த ஊரைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டனர்.

இந்தத் துன்பத்துக்கு விடை தேட முயன்றவர் விக்டர் ஹியூகோ கிரீன். இவர் நியூயார்க்கில் வாழ்ந்த அஞ்சல்காரர். கறுப்பினத்தவரை ஏற்கும் விடுதிகள், உணவகங்கள், எண்ணெய் நிலையங்கள், அறை தர முன்வரும் வீடுகள் ஆகியவற்றின் முகவரிகளைத் திரட்டி, 1936இல் ஒரு கையேடாக வெளியிட்டார். ‘பசுமை நூல்’ என்று பெயர்பெற்ற அது ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் வெளிவந்தது. ரூட் 66இல் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஆல்பர்ட்டா எல்லிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி நடத்திய விடுதியும் அதில் இடம்பெற்றது. இத்தகைய கையேடு தேவைப்படாத ஒரு நாள் வரவேண்டும் என்று கிரீன் விரும்பினார். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறி, பொது இடங்களில் இனப்பாகுபாடு தடைசெய்யப்பட்டது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

பயணிக்கு ஊர் தேவைப்படுவது போலவே ஊருக்கும் பயணி தேவை. இதைச் சாலையோர ஊர்கள் பின்னர் உணர்ந்தன. 1978ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அரிசோனாவின் செலிக்மன் ஊருக்கு வெளியே புதிய விரைவுச்சாலை திறக்கப்பட்டது. அதுவரை ஊரின் நடுவே சென்ற வண்டிகள் அன்றோடு நின்றுபோயின. கடைகள் வெறிச்சோடின, பலர் ஊரைவிட்டு வெளியேறினர். அவ்வூரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடியோ மனம் தளரவில்லை. அவர் அக்கம்பக்கத்து ஊராரைத் திரட்டி, 1987இல் பழைய சாலையைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். மாநில அரசும் அதை வரலாற்றுச் சாலையாக ஏற்றது. பயணிகள் மீண்டும் வந்தனர். செலிக்மன் பிழைத்தது. டெக்சஸ் எல்லையிலுள்ள கிளென்ரியோ ஊருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. விரைவுச்சாலை வந்தபின் அங்கே வண்டிகள் நிற்கவில்லை. ஊர் காலியாகி, கட்டடங்கள் பாழடைந்தன.

இவற்றை அறிந்த பயணி வரைபடத்தில் புள்ளி வைக்கும்போது சற்றுக் கூடுதலாக யோசிக்கிறார். விரைவுச்சாலை ஓரத்துப் பெரிய முகாமில் எல்லா வசதியும் இருக்கும். சிற்றூரின் சிறிய முகாமில் மின்சாரமும் தண்ணீரும் மட்டுமே இருக்கலாம். முதலாவதில் தங்கினால் நேரம் மிச்சம். இரண்டாவதில் தங்கினால் அவ்வூர் உணவகத்தில் ஒரு வேளை உணவு விற்கும். அருங்காட்சியகத்தின் கதவு இன்னொரு நாள் திறந்திருக்கும். நான்கு இரவுகளுக்கு ஒன்றையாவது இப்படி ஒதுக்குவது பெரிய தியாகமன்று.

மாலை மங்குகிறது. ஒரு குடும்பத்தின் கேரவன் சிற்றூர் முகாமுக்குள் நுழைகிறது. தந்தை மின்கம்பியைச் செருகுகிறார். தாய் தண்ணீர்க் குழாயை மாட்டுகிறார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளோடு இரவு உணவுக்காக ஊருக்குள் நடக்கின்றனர். உணவகத்தின் கதவருகே நின்று, “உங்களுக்கு இங்கே இடமில்லை” என்று யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்களுக்கு அது ஒரு சாதாரண இரவு. அந்தச் சாதாரண இரவுக்காகத்தான் அஞ்சல்காரர் ஒருவர் ஒரு காலத்தில் முகவரிகளைத் தேடித் தேடித் தொகுத்தார்.