திணை: அது

சென்ற கோடை விடுமுறையில் புறநானூற்றைப் பாட்டுக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வைக்கும் வேலையில் இறங்கினோம். கணினித் துறை மாணவி ஒருவர் துணைக்கு வந்தார். எந்தக் கணினியிலும் திறக்கவல்ல வெற்று எழுத்துக் கோப்புகளே நிலைத்து நிற்கும் என்பது அவர் கட்சி. நமக்கும் அதில் மறுப்பில்லை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட நம் கட்டுரைகள் பல, இன்று நமக்கே படிக்கக் கூடாதவை ஆகிவிட்டன.

மார்க்டவுன் முறையைத் தேர்ந்தோம். 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட அந்த எளிய முறையில் தலைப்புக்கும் அழுத்தத்திற்கும் குறிகள் உண்டு. பாடியவர் யார், பாடப்பட்டவர் யார் என்று நிரலுக்குச் சொல்ல இடமில்லை. அதற்கொரு வழியை 2008இல் வந்த ஜெக்கில் என்னும் கருவி பரப்பிற்று. கோப்பின் உச்சியில் மூன்று சிறுகோடுகள். அதன்கீழ் யாமல் என்னும் வடிவில், பெயரும் மதிப்புமாகச் சில வரிகள். மீண்டும் மூன்று சிறுகோடுகள். பிறகுதான் பாட்டு.

"இதில் என்னம்மா புதுமை? நம் சுவடிகளில் இருப்பதுதானே" என்றோம், சற்றே பெருமிதத்துடன். புறப்பாடல்களின் இறுதியில் திணையும் துறையும் பாடியவர் பெயரும் சொல்லும் பழங்குறிப்பு வருவதை வாசகர் அறிவர். அடியில் இருப்பதைத் தலைக்கு ஏற்றினால் வேலை முடிந்தது என்று எண்ணினோம்.

முடியவில்லை. அக்குறிப்புகள் பலவற்றில் திணை 'அது' என்று மட்டுமே இருக்கும். முந்தைய பாட்டின் திணையே இதற்கும் என்பது பொருள். ஏட்டை வரிசையாகப் புரட்டுவோருக்கு அது போதும். தனித்தனிக் கோப்பாகக் கத்தரித்தபின் எது 'அது'? நிரலோ 'அது' என்றொரு புதுத்திணை கண்டு, பட்டியலில் பாடாணுக்கும் மேலே அமர்த்திவிட்டது. 'தெரியவில்லை' என்றொரு புலவரும் தோன்றி ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு உரியவரானார்.

உரிய திணையை நாமே நிரப்பினோம். நிரப்பும்போதே ஓர் உறுத்தல். தொகுத்தவர் எழுதிவைத்ததை அழித்து நம் சொல்லை அவர் வாயில் இடுகிறோம் அல்லவா? ஆகவே 'திணை' என ஒரு வரி, 'பழங்குறிப்பு' என இன்னொரு வரி. பின்னதில் மூல வாசகம் எழுத்துப் பிசகாமல். "ஒரே செய்தியை எதற்கு ஐயா இரண்டு தடவை?" என்றார் மாணவி. ஒரே செய்தி என்று நமக்குத் தோன்றவில்லை.

எண்ணில்தான் உண்மையான அடி விழுந்தது. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்காதவை. ஆகவே 398 கோப்புகள். நிரல் 386 என்றது. பிழைச் செய்தி ஏதுமில்லை. 12 பாடல்கள் சத்தமின்றிக் காணாமற் போயிருந்தன.

ஒரு மாலை முழுதும் தேடிக் கண்டது இது. வரிசை அழகுக்காகப் பாட்டெண்களை 001, 002 என எழுதியிருந்தோம். பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாகக் கொள்வது யாமல் 1.1இன் விதி, நாம் பயன்படுத்திய பைத்தான் நூலகம் அதைப் பின்பற்றுவது. அவ்விதிப்படி 010 என்றால் 8. ஆனால் எட்டடிமானத்தில் 8 என்னும் இலக்கமே கிடையாது. ஆகவே 008ஐ அது எண்ணாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட, நம் நிரல் பின்னர் அதை 8 ஆக்கியது. எட்டாம் இடத்தில் முதலில் கபிலர் அமர்ந்தார். பத்தாம் பாட்டோடு வந்த ஊன்பொதி பசுங்குடையார் அவரை எழுப்பிவிட்டுத் தாம் அமர்ந்தார். பதினெட்டாம் பாட்டின் குடபுலவியனாருக்கும் அதே கதி. எண்ணிப் பார்த்திராவிட்டால், கபிலர் பாட்டின் எண்ணில் வேறொருவர் பாட்டை நம் மாணவர் மேற்கோள் காட்டியிருப்பர். நாமே மதிப்பெண்ணும் இட்டிருப்போம்.

திருத்தம் அற்பமானது. எண்ணைச் சுற்றி மேற்கோள் குறி இட்டால் யாமல் அதைத் தொடாது. 398 கோப்பிலும் இட்டு ஓட்டினோம். 398 வந்தது.

விடைபெறும் முன் மாணவி கேட்டார்: "267, 268க்கும் கோப்பு வைக்கலாமா ஐயா? இல்லையென்றால் நாம் விட்டுவிட்டதாக நினைப்பார்கள்." வைத்தோம். மூன்று சிறுகோடுகள், மேற்கோள் குறிக்குள் எண், வெறுமையாகத் திணை, துறை, பாடியவர், மீண்டும் மூன்று சிறுகோடுகள். அவற்றின் கீழே ஒன்றுமில்லை.