ஆறு சோடி சொக்ஸ்

எங்களில் ஒருத்தரும் பனியைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் பரீட்சை கிட்ட வந்தால் படிப்பைத் தவிர மற்ற எல்லாமே இனிக்கும்தானே? அப்படித்தான் பனிச்சறுக்கு வீடியோ பார்க்கிற பழக்கம் எங்கட றூமுக்குள் வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பம்பலான விளையாட்டு. குதிரை முன்னால் ஓட, கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு பின்னால் சறுக்கிப் போகிற ஆக்கள் இருக்கினம். 1928இல் சென் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் அதைக் காட்சிப் போட்டியாகவே வைத்திருக்கிறார்கள். பாட்டுப் போட்டு, சுழன்று, கோலை ஊன்றிக் கரணம் அடிக்கிற 'ஸ்கீ பலே'யும் 1988, 1992 ஒலிம்பிக்குகளில் காட்சிப் போட்டியாக வந்து போனது. 1965இல் அமெரிக்காவில் ஷெர்மன் பொப்பன் என்ற தகப்பன், இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துக் கட்டிப் பிள்ளைகளுக்கு விளையாடக் குடுத்தார். அந்த விளையாட்டுச் சாமானின் வழியில் வந்ததுதான் ஸ்னோபோர்ட். முதலில் பல ஸ்கீ மலைகள் அதை உள்ளுக்கே விடவில்லை. 1998இல் நாகானோவில் அதுக்கு ஒலிம்பிக் பதக்கமே குடுத்தார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடிச்ச ஆள் எடி எட்வர்ட்ஸ். பிரித்தானியாவில் சுவருக்குப் பூச்சுப் பூசுகிறவர். ஸ்கீ பாய்ச்சல் பழக வெளிக்கிட்டபோது கையில் காசில்லை. இரவல் சப்பாத்து பெரிசு. காலுக்குப் பொருந்த ஆறு சோடி சொக்ஸ் போட்டார். தடித்த மூக்குக்கண்ணாடி, அதுக்கு மேல பனிக்கண்ணாடி. உள்ளே புகார் பிடிச்சால் முன்னால் ஒண்டும் தெரியாது. 1988 கல்கரி ஒலிம்பிக்கில் பாய்ந்த இரண்டு போட்டியிலும் கடைசி. ஆனால் சனம் அவருடைய பேரைச் சொல்லித்தான் கத்தினது.

பக்கத்தில் இன்னொருவரையும் வைச்சுப் பாருங்கோ. ஹூபேர்ட்டஸ் வொன் ஹோஹென்லோஹே, பழைய ஜேர்மன் இளவரச வம்சம். மெக்சிக்கோவில் பிறந்ததால் அந்த நாட்டுக்காகச் சறுக்கினார். 2014 சோச்சியில், 55 வயசில், மரியாச்சி பாட்டுக்காரரின் உடுப்பு மாதிரி அச்சடிச்ச ஸூட்டோட வந்து நின்றார். ஓட்டத்தை முடிக்கவில்லை. எங்களுக்கு அந்த ஸூட்டும் நல்லாப் பிடிச்சது.

இரண்டும் சிரிப்புத்தான். ஆனால் இளவரசர் தன்ர உடுப்பைத் தானே தெரிவு செய்தார். எடியின்ர சொக்ஸைத் தெரிவு செய்தது அவருடைய வெறும் சட்டைப்பை. தூரத்தில் நின்று பார்த்தால் வேசமும் வறுமையும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

1990இல் ஒலிம்பிக் குழு புது விதி கொண்டுவந்தது. சர்வதேசப் போட்டிகளில் முதல் 30 வீதத்துக்குள், அல்லது முதல் 50 பேருக்குள் வந்தவர்தான் இனி வரலாம். ஆபத்தான விளையாட்டு, தரம் வேணும் என்பதெல்லாம் நியாயம்தான். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுது: நல்ல சப்பாத்து கிடைச்சிருந்தால் அவர் எவ்வளவு தூரம் பாய்ந்திருப்பார்? எடி பிறகும் முயற்சி செய்தார். ஒலிம்பிக்குக்குத் திரும்ப முடியவில்லை.

இது எங்களுக்கு விளங்காத கதை இல்லை. அண்ணாவின்ர சப்பாத்தோட கம்பஸுக்கு வந்த பெடியன், ஆங்கில விரிவுரையில் பின்வாங்கில் ஒதுங்குகிற பிள்ளை, எல்லாரும் எங்கட பட்ச்தான். அவையின்ர முதல் புள்ளியைப் பார்த்து 'இவைக்கு இது சரிவராது' என்று சொல்ல ஆக்கள் எப்பவும் இருக்கினம். காலில் எத்தனை சோடி சொக்ஸ் என்று கேட்கத்தான் ஒருத்தரும் இல்லை.