காக்க வைக்கிறது

போன ஐப்பசி மாசம், அடைமழை ராத்திரி ஒன்றில், முகம் தெரியாத ஒரு பையனை ஏழு நிமிஷம் காக்க வைத்தேன். வேண்டுமென்றேதான். அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

செல்போனில் செஸ் ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆளுக்குப் பத்து நிமிஷம். ராணி போச்சு, யானை போச்சு, இனி ஆட்டம் இல்லை என்று தெரிந்தால் தோல்வியை ஒத்துக்கொண்டு எழுந்து போவது மரியாதை. சிலபேர் அப்படிப் போகமாட்டார்கள். காயை நகர்த்தாமல் கடிகாரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜெயித்தவன் நம்மையே பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும். எழுந்து போனால் ஆட்டம் போய்விடுமோ என்று அவனுக்குப் பயம். இதையே பழக்கமாக வைத்திருப்பவர்களை எச்சரித்துக் கொஞ்ச நேரம் ஆடவிடாமல் தடுப்பதும் உண்டு. சமமாகப் போகும் ஆட்டத்தில் ஓயாமல் டிரா கேட்டு நச்சரிப்பது, தோற்றதும் கெட்டவார்த்தை எழுதுவது, பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக் கேட்டு நகர்த்துவது எல்லாம் இதே ஜாதிக் குற்றங்கள்தான். ஆனால் காக்க வைப்பதுதான் சத்தமில்லாதது. கை அழுக்காகாது.

நான் செஸ் கற்றது 1988ல், ஆதிதிராவிடர் நல விடுதியில். பத்தாவது படித்த ஒரு அண்ணன் சிமெண்டுத் தரையில் சாக்பீசால் 64 கட்டம் போடுவார். சோடா மூடிதான் யானையும் குதிரையும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினால் சிப்பாய். நிஜமான காய்களை நான் தொட்டது மறுவருஷம், ஜில்லாப் போட்டியில்தான். அங்கே ஒரு பையனை ஜெயித்தேன். அவனுடைய அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். எங்க விடுதிப் பேரை அட்டையில் படித்துவிட்டு மகனைப் பார்த்தார். "கை குடுங்கப்பா ரெண்டு பேரும்" என்றார் வாத்தியார். அவன் விரல் நுனியை நீட்டினான். நீட்டியதை எடுத்து அப்படியே டவுசரில் துடைத்தான். ஜெயித்தது நான். அன்னைக்கு ராத்திரி தூங்காமல் கெடந்ததும் நான்தான்.

கை கொடுக்க மறுத்தால் ஆட்டமே போய்விடும் என்று உலக செஸ் கூட்டமைப்பு 2007ல் விதி கொண்டுவந்தது. 2008 ஜனவரியில் நெதர்லாந்தில் விக் ஆன் ஸீ என்ற ஊரில் பல்கேரியாவின் செபாரினோவ், இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டுக்குக் கை கொடுக்கவில்லை. நடுவர் ஷார்ட் ஜெயித்ததாக அறிவித்தார். மேல்முறையீட்டில், மன்னிப்புக் கேட்டு மறுபடி ஆடச் சொன்னார்கள். மறுபடி ஆடியதிலும் ஷார்ட்தான் ஜெயித்தார். இதைப் படித்தபோது நான் நினைத்தேன்: கொடுக்காத கைக்கு விதி இருக்கிறது. கொடுத்துவிட்டுத் துடைக்கிற கைக்கு எந்த நடுவர் விதி எழுதுவார்?

அதனால்தான் செல்போன் செஸ் எனக்குப் பிடித்தது. கையே இல்லை. என் பெயர் அங்கே கெடிலக்கரை. எங்க ஊர் ஆத்துப் பேர். அதைப் பார்த்து நான் எந்தத் தெரு என்று ஒருத்தனும் சொல்லமுடியாது.

அந்த ராத்திரி வந்தவனுடைய பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டியிருந்தது. ஆட்டம் தொடங்கி நாலு நகர்த்தல் ஆகவில்லை, ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: "அண்ணா கடலூர் பக்கமா? எந்த ஊரு?" என் வயசில் இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஊரைச் சொன்னால் அடுத்தது தெரு. தெருவைச் சொன்னால் அடுத்தது மௌனம். பதில் எழுதவில்லை. கோபத்தில் ஆடினேன். கோபத்தில் ஆடினால் என்ன ஆகும்? குதிரை போச்சு. அப்புறம் ராணி. என் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் மீதி இருந்தது. போனைக் குப்புறக் கவிழ்க்காமல், அவன் காத்துக் கெடப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். கெடடா, என்றேன் வாய்விட்டு.

அப்போது நைனா ஞாபகம் வந்தது. கூலி நெல் வாங்க ஆண்டை வீட்டு வாசலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். "இருடா வர்றேன்" என்று உள்ளே போகிற மனுசன் சாப்பிடுவான், வெத்திலை போடுவான், ஒரு தூக்கமும் போடுவான். கொடுக்கமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வெயில் இறங்கும்போது அளந்து கொடுப்பான். அந்த நெல்லில் பாதி, நின்றதற்கான கூலி என்பார் நைனா. திட்டுகிறவனைவிட நிக்க வைக்கிறவன் கெட்டவன் என்று அவர்தான் சொல்லுவார். இப்போது வாசலுக்கு உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே நிற்பவன் யாரோ எவனோ. எங்களை நிக்க வைத்தவர்களில் ஒருத்தனுக்கு இவன் பேரனாகவே இருக்கட்டும். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார நானா ஆசைப்பட்டேன்?

ஆனாலும் எழுந்து போகவில்லை. அதையும் மறைக்கக்கூடாது. கடிகாரம் இறங்கி 11 விநாடிக்கு வந்தது. திடீரென்று 26 ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. லிசெஸ் தளத்தில் ஒரு + பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எதிராளிக்கு 15 விநாடி கூடும். தனக்குக் கூட்டிக்கொள்ள முடியாது. எதிராளிக்கு மட்டும்தான் கொடுக்கலாம். சும்மா இருந்தாலே ஜெயிக்கவேண்டிய அந்தப் பையன் அதை அழுத்திக்கொண்டிருந்தான். கீழே எழுத்து வந்தது: "அண்ணா கரண்ட் போச்சா? இங்கயும் மழ. இப்பதான் கரண்ட் வந்துச்சு."

கரண்டும் நெட்டும் பெரிய ஆட்களையே விட்டதில்லை. 2020 ஆகஸ்டில் ஆன்லைன் ஒலிம்பியாட் நடந்தது. காலிறுதியில் இந்தியாவோடு ஆடிய ஆர்மேனியா வீரர் ஒருவருக்கு நடு ஆட்டத்தில் தொடர்பு அறுந்து நேரம் போனது. ஆர்மேனியா முறையிட்டது. முறையீடு தள்ளப்பட்டது. அவர்கள் விலகிக்கொண்டார்கள், இந்தியா மேலே போனது. ஆகஸ்ட் 30ந்தேதி ரஷ்யாவோடு இறுதிப்போட்டி. அன்றைக்கு இந்தியாவின் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் இருவருக்கும் தொடர்பு அறுந்தது. முதலில் ரஷ்யாவுக்குத்தான் தங்கம் என்றார்கள். இந்தியா முறையிட்டபிறகு, கூட்டமைப்பின் தலைவர் துவர்கோவிச், ரஷ்யாக்காரர், இரண்டு நாட்டுக்கும் தங்கம் என்று தீர்ப்புச் சொன்னார். நல்ல தீர்ப்புதான். ஆனால் ஆர்மேனியாவை நினைத்துப் பார்க்கிறேன். ஒரே மாதிரி அறுந்த கம்பி, ஒருத்தருக்குத் தோல்வி, இன்னொருத்தருக்குத் தங்கம். மேலே இருக்கிறவர் மனசு வைத்தால் கிடைப்பது ஒன்று. எதிரே உட்கார்ந்திருப்பவனே கொடுப்பது வேறு.

அந்தப் பையன் எதிரே உட்கார்ந்துகொண்டு கொடுத்தான். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தான். தெரிந்திருந்தால் கொடுத்திருப்பானா? இந்தக் கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை. நண்பர் ஒருத்தரிடம் சொன்னபோது, "சின்னப் பையன்டா, நீதான் சாதியைத் தூக்கிட்டு அலையற" என்றார். பட்டத்தைப் பேரில் ஒட்டிக்கொண்டு வந்தது நானா? அது அவர் கண்ணில் படவேயில்லை.

தோல்வியை ஒத்துக்கொண்டேன். "நல்லா ஆடுனீங்கண்ணா, காலைல பரிட்ச, தூங்கப் போறேன்" என்று எழுதினான். எனக்கு விரல் நடுங்கியது. கரண்ட் போகலை தம்பி, வேணும்னேதான் ஒக்காந்திருந்தேன் என்று எழுதினேன். அதோடு, அவன் முதலில் கேட்டதற்கும் பதில் எழுதினேன். ஊர்ப் பேர். அதுக்குப் பக்கத்தில், காலனித் தெரு.

அனுப்பிவிட்டுப் பார்த்தால் அவன் பேருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி அணைந்திருந்தது. படித்தானா இல்லையா தெரியாது. அப்புறம் அவனோடு ஆட்டம் அமையவில்லை.

இப்போதெல்லாம் எதிராளிக்கு நேரம் தீரப்போகும்போது என் விரல் அந்த + பக்கம் போகிறது. எல்லாத் தடவையும் அழுத்திவிடுகிறேன் என்று சொல்லமாட்டேன். தோற்றால் மட்டும் உடனே எழுந்துவிடுகிறேன். யாரையும் வாசலில் நிக்க வைப்பதில்லை.