செம்பியன் மாதேவியின் பிள்ளை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டத் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பே, 1950ஆம் வருஷக் கடைசியில், எங்கள் சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் வீராணம் ஏரிக்கரையின்மேல் ஒரு குதிரை வீரனை ஏற்றி அனுப்பிவிட்டார் கல்கி. அன்று முதல் இந்தக் கரை வந்தியத்தேவனுக்குப் பாத்தியமாகிவிட்டது. முதலாம் பராந்தகன் வெட்டுவித்துத் தன் விருதுப் பெயரான வீரநாராயணனைச் சூட்டிய ஏரி இது என்பதோ, இதன் தண்ணீர் இன்று குழாய் வழியே சென்னைவாசிகளின் தாகத்தைத் தணிக்கிறது என்பதோ, 'பொன்னியின் செல்வ'னில் மூழ்கியவர்களுக்கு இரண்டாம் பட்சமான சமாசாரங்களே. விடுமுறை நாளில் குடும்ப சமேதராய் வரும் நெய்வேலி உத்தியோகஸ்தர்கள், கரையில் இறங்கி நின்று, "கடம்பூர் மாளிகை எந்தப் பக்கம் ஐயா?" என்று விசாரிக்கிறார்கள். மேலக்கடம்பூரில் தேர் வடிவில் சமைத்த அழகான சிவாலயம் உண்டு. மாளிகை கல்கியின் புஸ்தகத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிப் போகிறது.

அவர்களுக்கு வேண்டியது நந்தினி. கண்ணெதிரே பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை இழக்கக் கண்டு, பழிவாங்கும் வைராக்கியத்தோடு கிழவரான பழுவேட்டரையரை மணந்து, ஒரு காலத்தில் தன்மீது காதல்கொண்ட ஆதித்த கரிகாலனையே அழைத்து வரச்செய்த அந்தப் பழுவூர் இளையராணியை, மணியத்தின் சித்திரங்களோடு வாரா வாரம் படித்த தலைமுறை லேசில் மறந்துவிடவில்லை. எனக்கும் அவள்மீது மையல் இருந்ததுண்டு. ஆனால் வயது ஏற ஏற என் மனம் அந்த மோகினியை விட்டு, கதையில் ஒதுங்கியே நிற்கும் ஒரு முதிய ராணியின் பக்கம் சாய்ந்துவிட்டது.

காரணம், காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் ஆலயச் சுவரிலுள்ள சாசனம். இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலானோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உடைமை பறிபோன விவரத்தைச் சொல்கிறது. குற்றவாளிகளோடு அது நிற்கவில்லை. தம்பிமார், மக்கள், பெண் கொடுத்த மாமனார், தாயோடு பிறந்த அம்மான், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்தவன் என்று, கல்யாணப் பத்திரிகைக்கு ஜாபிதா எழுதுகிறவர்கூட இத்தனை உறவுமுறையை விடாமல் நினைவு வைத்திருப்பாரா என்பது சந்தேகந்தான். அவ்வளவு விஸ்தாரமாகக் கொலையாளிகளின் சுற்றத்தைக் கணக்கெடுத்த அந்தக் கல், கொலையுண்டவனின் சுற்றத்தில் எவருக்கேனும் இதில் சம்பந்தம் உண்டா என்பது பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

சந்தேகம் விழுவது மதுராந்தகன் என்ற பெயருமுடைய உத்தம சோழர்மேல். சுந்தர சோழருக்குப் பின் பட்டமேறவேண்டிய மூத்த குமாரன் கரிகாலன் மாண்டான். இளையவன் அருள்மொழி இருக்கவும், சிற்றப்பனான உத்தமர் அரியணை ஏறினார். சிற்றப்பன் விரும்பும்வரை தனக்கு அரசு வேண்டாம் என்று அருள்மொழி விலகி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. சரித்திர ஆசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரியார் உத்தமரைச் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் அந்த அபிப்பிராயத்தை ஏற்கவில்லை. அவர்கள் வழக்கு எப்படியும் போகட்டும். அந்த உத்தமரைப் பெற்ற தாய் செம்பியன் மாதேவியல்லவா? கண்டராதித்தர் என்ற சிவபக்தரின் விதவையாய், செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்குவதே ஜன்மத்தின் பிரயோஜனம் என்று வாழ்ந்த அம்மையாரின் காதிலும், 'உன் பிள்ளைக்காகத்தான் ஊரார் பிள்ளையைக் கொன்றார்களாம்' என்று யாரேனும் ஓதியிருக்க மாட்டார்களா?

கல்கிக்கு இந்தக் கேள்வி சங்கடமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவர் செய்த தந்திரத்தைப் பாருங்கள். சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டுச் சதிகாரரோடு பல்லக்கில் ஒளிந்து திரியும் மதுராந்தகன் அந்த அம்மையாரின் வயிற்றுப் பிள்ளையே அல்லவென்று ஆக்கி, ஊமைத் தாயின் வீட்டில் புஷ்பம் தொடுத்துத் தேவாரம் பாடிக்கொண்டிருந்த சேந்தன் அமுதனே அசல் குமாரன் என்று கடைசியில் மாற்றிவிட்டார். பழியெல்லாம் பாண்டிய நாட்டுப் பக்கம் போயிற்று. பெரிய ராணியின் மடி சுத்தமாயிற்று. கதாசிரியரின் தாட்சண்யம் மெச்சத் தகுந்ததுதான். ஆயினும், குடும்பத்துக்குள்ளேயே விளைந்த துரோகத்தை வெளியிலிருந்து வந்த அழகியின் தலையில் கட்டுவது நம் கதைகளுக்குக் கைவந்த சம்பிரதாயம் என்பதையும், அதனால் ஓர் அரிய சோக பாத்திரத்தை இழந்தோம் என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

நிஜமான செம்பியன் மாதேவியைக் காண வேண்டுமென்றால், ஏரியை விட்டு மேற்கே விருத்தாசலத்துக்குப் போக வேண்டும். விருத்தகிரீசுவரர் கோயிலில் அந்த அம்மையார் திருப்பணி செய்தது மகன் ஆண்ட காலத்தில். அங்கே நிற்கும்போது, மகன்மேல் ஐயம் இருந்ததா, அந்த ஐயத்தை ஆற்றிக்கொள்ளத்தான் கல்மேல் கல்லாக அடுக்கினாரா என்று என் புத்தி குறுக்கே ஓடும். கோயில் கட்டியவர்களையெல்லாம் பாவ நிவர்த்திக்காரராக்கும் துர்க்குணம் நவீன வாசகனுக்கு உண்டு என்று உடனே அதைக் கடிந்தும்கொள்வேன். ஏனெனில், நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயராலேயே விளங்கும் ஊரில், உத்தம சோழரின் தேவிமார் மாமியாரின் ஜன்ம நட்சத்திரமான கேட்டையில் பூஜையும் அன்னதானமும் நடக்க நிவந்தம் விட்டிருக்கிறார்கள். மருமக்கள் கூடிப் பிறந்தநாள் கொண்டாடிய மாமியார், ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு மறுகிய ஸ்திரீயாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. 985இல் அருள்மொழி இராஜராஜனாய்ப் பட்டமேறிய பிறகும் அம்மையார் வெகுகாலம் ஜீவித்திருந்து, திருப்பணியை நிறுத்தாமல் நடத்தினார். தமையனைக் கொன்ற துரோகிகளின் பெயரைக் கல்லில் வெட்டக் கண்ட அதே இராஜராஜன், தன் குமாரனுக்கு மதுராந்தகன் என்ற பெயரைத் தயங்காமல் வழங்கவிட்டான். அது உத்தம சோழரின் பெயர். உத்தமரின் பிள்ளை கண்டராதித்தனைக் கோயில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாகவும் அமர்த்திக்கொண்டான். உடையார்குடிச் சாசனத்தின் ஜாபிதாப்படி பார்த்தால், துரோகியின் மகனுக்குச் சொத்தே மிஞ்சியிருக்கக் கூடாது. உத்தமரின் மகனுக்கோ உத்தியோகமே கிடைத்திருக்கிறது.