வீட்டிலே தறி, தெருவிலே பாவு

கடலூர்ப் பக்கம் பிரயாணம் போகிறவர்கள் சாதாரணமாக இரண்டு காரியம்தான் செய்வார்கள். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிப் பாடலீசுவரரைத் தரிசித்துவிட்டு, சாயந்திரம் கடற்கரையில் காற்று வாங்குவார்கள். இல்லாவிட்டால் நேரே சிதம்பரத்துக்கு ஓடுவார்கள். குறிஞ்சிப்பாடியில் இறங்குகிறவர்கள் அபூர்வம். வடலூருக்கோ நெய்வேலிக்கோ போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, மறுபடியும் தூங்கிப் போவார்கள்.

இந்த வாரம் உங்களை அந்த ஊரிலே இறக்கிவிடப் போகிறேன். கோயில் குளம் காட்டுவதற்காக அல்ல. உங்கள் வீட்டிலே மகனோ, மகளோ, மருமகளோ காலை ஒன்பது மணிக்குக் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மடிக் கணினியோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறார்களா? "இனிமேல் வாரத்தில் இத்தனை நாள் ஆபீஸுக்கு வந்தாக வேண்டும் என்கிறார்கள், அம்மா" என்று முகம் வாடி நிற்கிறார்களா? அப்படியானால் குறிஞ்சிப்பாடி நீங்கள் பார்க்க வேண்டிய ஊர்தான். கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள்.

ஊரின் பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே மலை என்று சொல்ல ஒரு மண்மேடு கூடக் கிடையாது. கடலூரை விட்டால் சவுக்கும் முந்திரியும். குள்ளஞ்சாவடி தாண்டினால் குறிஞ்சிப்பாடி. ரயிலில் வருவதானால் கடலூர் துறைமுகத்திலிருந்து விருத்தாசலம் போகும் பாதையில் இது ஒரு ஸ்டேஷன். கடைத் தெருவைப் பார்த்தால் எந்தத் தமிழ்நாட்டுச் சிற்றூரையும் போலத்தான் இருக்கும். நெசவாளர் குடியிருக்கும் தெருக்களுக்குள் நுழைந்து காதைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஊரின் உண்மையான குரல் கேட்கும். 'டக், டக்' என்று ஒரு வீட்டிலிருந்து. அதற்குப் பதில் சொல்வதுபோல எதிர் வீட்டிலிருந்து ஒன்று.

இது கைலி நெய்கிற ஊர். கைலி என்றதும் மூக்கைச் சுளிக்க வேண்டாம். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைக் கட்டிக்கொண்டுதானே கூடத்தில் உலாவுகிறார்கள்? தமிழ்நாட்டுக் கைலி சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கப்பலேறிப் பேர் வாங்கிய சரக்கு. கட்டம் போட்ட துணிதானே என்று நினைக்கலாம். ஆனால் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இழைக் கணக்கு பிசகாமல் வருவதற்கு எத்தனை முறை நாடாவை மாற்ற வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது வீட்டைக் கவனியுங்கள். கைத்தறிக்காரர் வீட்டிலே கூடம் வேறு, தொழிற்சாலை வேறு என்று கிடையாது. நுழைந்ததும் தறி. தரையிலே குழி, குழிக்குள் கால், காலுக்கு மிதி. தறிக்குப் பின்னால் தூளி, தூளிக்குப் பின்னால் அடுப்பு. 'வீட்டிலிருந்தே வேலை' என்று 2020-ஆம் வருஷம் உலகமே புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொண்டிருந்தோமே, அதை இந்தத் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். வீடுதான் தொழில் செய்யும் இடம் என்பதைத் தமிழ்நாடு அரசாங்கமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. கைத்தறி நெசவாளருக்கு 2 மாதத்துக்கு 200 யூனிட் மின்சாரம் இலவசமாக இருந்தது. 2023-ல் அதை 300 யூனிட்டாக உயர்த்தினார்கள். மடிக் கணினிக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கரண்டு பில் அப்பாவின் தலையில்!

அப்படியென்றால் வீட்டுக்குள் உட்கார்ந்து நெய்கிறவன் தன்னந்தனியன்தானா? அதைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

நெசவிலே தறியில் உட்காருவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் பாவு தயாராக வேண்டும். பாவு என்பது துணியின் நீளவாட்டு நூல். ஆயிரக்கணக்கான இழைகள். அவை அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி போட வேண்டும். தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, இடையிடையே மூங்கில் கவைகளில் தாங்க வைத்து, கஞ்சியைத் தோய்த்து, பெரிய பிரஷ்ஷால் நீவி விட்டுக்கொண்டே போவார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பின்னாலேயே இன்னும் சிலர் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்துகொண்டே வருவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சீக்கிரம் காய்ந்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாக வேண்டும். பாதியிலே மேகம் கறுத்தால்? ஒரு குடும்பத்தின் பல நாள் கூலி தெருவிலே நனைந்துகொண்டிருக்கும்.

இந்தக் காரியத்தை எவ்வளவு கெட்டிக்காரனாலும் தனியாகச் செய்ய முடியாது. புருஷன் பெண்சாதி இரண்டு பேராலும் முடியாது. தெருவே எழுந்து வந்தாக வேண்டும். "அண்ணே, பாவு விரிச்சாச்சு" என்று ஒரு குரல் போதும். முந்தின நாள் குழாயடியில் சண்டை போட்டவனும் வந்து பிரஷ்ஷைக் கையில் எடுப்பான். வராமல் இருந்து பார்க்கட்டுமே? நாளைக்கு அவன் பாவும் இதே தெருவில்தானே விரிய வேண்டும்!

ஒற்றுமையை வளர்ப்பதற்கென்று அந்தத் தெருவில் யாரும் கூட்டம் போட்டதில்லை. ஈரப் பாவு காய்வதற்குள் வேலை முடிய வேண்டும். ஒற்றுமை அந்த அவசரத்தில் தானாகக் கூடி வந்தது. கைப்பழக்கமில்லாத பையன் இழை முடியக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். யாருடைய நூல் மட்டம், எந்தச் சாயம் வெளுக்கிறது, எந்த வியாபாரி பணத்தை இழுத்தடிக்கிறான் என்ற செய்தியெல்லாம் பரவியதும் அங்கேதான்.

இன்னொரு கூடுமிடம் கூட்டுறவுச் சங்கத்துத் திண்ணை. சங்கத்தில் நூல் வாங்கி, வீட்டில் நெய்து, துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவது தமிழ்நாட்டில் நன்றாக வேரூன்றிய முறை. இப்படிப்பட்ட சங்கங்களுக்கெல்லாம் மேலே 1935-ல் தோன்றியதுதான் நம் எல்லோருக்கும் தெரிந்த கோ-ஆப்டெக்ஸ். துணி கொடுக்கப் போனால் சும்மா திரும்ப முடியுமா? முன்னால் வந்தவர் துணியை அளந்து முடிக்கிற வரையில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? அந்தக் காத்திருப்பு நேரத்து வம்பிலேதான் பாதித் தொழில் ரகசியம் கைமாறும்.

சரி, இனிமேல் உங்கள் வீட்டு மடிக் கணினிக்கு வருவோம்.

2020 மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் கதவை அடைத்தபோது, இந்தக் கடலூர் ஜில்லாவும் நன்றாகவே அடிபட்டது. அந்த மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்களோடு நோயும் வந்து இறங்கியது. நெசவாளர்களுக்கோ நூலும் வரவில்லை, நெய்த துணியும் போகவில்லை. ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் மட்டும் சாப்பாட்டு மேஜையில் கணினியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். வேலை என்னவோ நடந்தது. நடந்ததில் எது குறைந்தது என்று அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் கம்பெனியின் 61,182 ஊழியர்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். 2021-ல் வெளியான அந்த ஆராய்ச்சி சொன்னது இதுதான்: ஒரே குழுவில் இருக்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள், வேறு குழுவோடு இருந்த போக்குவரத்து குறைந்துவிட்டது. குறிஞ்சிப்பாடி பாஷையில் சொன்னால், தறி ஓடியது, தெரு காலியாகிவிட்டது.

என் தமக்கையின் பெண் ஒருத்தி 2020 ஜூலையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்தக் கம்பெனி என்பது எதற்கு? ஒன்றரை வருஷம் கடலூர் வீட்டு மாடியறைதான் அவளுக்கு ஆபீஸ். முதல் தடவை சென்னைக் காரியாலயத்துக்குப் போனபோது லிப்டில் பக்கத்தில் நின்றவர்தான் தன் மேலதிகாரி என்று அவளுக்குத் தெரியவில்லை. திரையில் தோள் வரைக்கும்தானே பார்த்திருக்கிறாள்? ஆறடி மனிதர் என்று எப்படித் தெரியும்! ஒற்றுமை வளர்க்க அந்தக் கம்பெனியில் வெள்ளிக்கிழமை சாயந்திரங்களில் திரையிலேயே பாட்டுக்குப் பாட்டு நடத்தினார்களாம். எல்லோரும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, முடிந்ததும் 'அப்பாடா' என்று அணைத்துவிட்டுப் போவார்களாம்.

அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் வந்தே தீரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை. தாம்பரத்துக்கு அப்பால் வீடு. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. அங்கே போய் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பெங்களூரில் இருக்கிற அதே நாலு பேரோடு அதே திரையில் பேசுகிறாளாம்! வேலையை விட்டுவிடலாமா என்று அவள் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் இதே கேள்வியைக் கேட்டு, சத்தமில்லாமல் வேலையை விட்டிருப்பார்கள்!

ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கும், ஆபீஸே வேண்டாம் என்கிறவர்களுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கத்தான் இருக்கிறது. சீனாவில் ட்ரிப்.காம் என்ற பிரயாணக் கம்பெனி 1,612 பேரை வைத்துச் சோதனை செய்து பார்த்தது. ஒரு பாதிப் பேருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. மற்றப் பாதிப் பேர் ஐந்து நாளும் ஆபீஸ். 2024-ல் முடிவு வெளியாயிற்று. வேலையின் தரத்தில் வித்தியாசமில்லை. ஆனால் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். முக்கியமாகப் பெண்களும், தூரத்திலிருந்து வருகிறவர்களும் நின்றார்கள். நம் நாட்டிலோ டி.சி.எஸ். 2023 அக்டோபரிலிருந்து ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. ஜோஹோ கம்பெனி வேறு வழியில் போயிற்று. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் முன்பே காரியாலயம் வைத்திருந்த அவர்கள், கொரோனாவுக்குப் பிறகு சிற்றூர்ப் பக்கங்களில் இன்னும் பல சிறு ஆபீஸ்களைத் திறந்தார்கள். ஊரைவிட்டுப் போகாமலே ஒரு தெரு கிடைக்கட்டும் என்பதுபோல.

எத்தனை நாள் என்பதல்ல, என்னைக் கேட்டால், கேள்வி. எந்த வேலைக்காக என்பதுதான். இவர்கள் தொழிலில் ஈரப் பாவு எது? புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குக் கைப்பழக்கம் சொல்லித் தருவது, எங்கேயோ அறுந்த இழையை எல்லோருமாகச் சேர்ந்து தேடுவது, இரண்டு குழுவுக்குள் முளைத்த மனஸ்தாபத்தை முகம் பார்த்துத் தீர்ப்பது. அதற்குத் தெருவுக்கு வரச் சொல்லுங்கள், ஓடி வருவார்கள். நாடா ஓட்டுகிற வேலைக்கு எதற்குத் தாம்பரத்திலிருந்து வர வேண்டும்? என் தமக்கை பெண் இதைத் தன் மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள். மூன்று நாள் இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் குழு முழுவதும் சேர்ந்தே வருகிறது. பெங்களூர்க்காரர்களும் மாதத்துக்கு ஒரு தடவை ரயிலேறி வருகிறார்கள். மற்றபடி கைக்குழந்தையும் ஒன்றரை மணிப் பிரயாணமும் அப்படியேதான் இருக்கின்றன.

குறிஞ்சிப்பாடிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டு நெசவூர்கள் எத்தனையோ இடங்களில் தெருப் பாவு குறைந்துகொண்டே வருகிறது. கஞ்சி போட்டு முடித்த பாவே ஆயத்தமாகக் கிடைக்கிறது. தெருவிலே மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது நெய்கிறவர் நிஜமாகவே தனியாக நெய்கிறார்.

இன்னொன்றும் உண்டு. வீடே ஆபீஸானால் வீட்டுப் பெண்ணின் வேலை யார் கண்ணிலும் படாமல் போய்விடும். நாடாவுக்குள் வைக்கும் தாரைச் சுற்றுவது யார்? நூலைச் சிக்கெடுப்பது யார்? கூலி துணிக்குத்தான், தாருக்கென்று தனிக் கூலியை அவள் கையில் யார் கொடுக்கிறார்கள்? 2019-20-ல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கில் நெசவாளரும் துணை வேலைக்காரருமாக 35 லட்சம் பேருக்கு மேல் தேறினார்கள். நெசவாளரில் 100-க்கு 72 பேர் பெண்கள். மடிக் கணினிக்குக் காப்பி கொண்டுபோய் வைக்கிற உங்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

போவதானால் காலையிலேயே போய்ச் சேருங்கள். மத்தியான வெயில் இந்தப் பக்கத்தில் பொல்லாதது. கைலி வாங்கினால் பேரம் பேச வேண்டாம். பக்கத்து வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய தரும சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசிக்கு அங்கே போகலாம். அதற்கு முன்னால், ஏதாவது ஒரு வீட்டில் வாசற்படியோரம் ராட்டையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். பேசினால் வேலை கெடுமே என்று கூச்சப்பட வேண்டாம். ராட்டை நிற்காது, அந்த அம்மாளின் பேச்சும் நிற்காது.