டைனோசர் நிற்கும் முற்றம்

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்க ஆறு மாத விசாவில் போகிற நம்மூர் பெற்றோருக்கு, வார இறுதிச் சுற்றுலா ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். ஒரு சனிக்கிழமை கோல்டன் கேட் பாலம். அடுத்த சனிக்கிழமை லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில். மூன்றாவது வாரம், "வாங்கப்பா, கூகுள் ஆபீஸைக் காட்டறேன்!"

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சுமார் ஒரு மணி நேர கார் பயணத்தில் இருக்கிறது மவுன்டன் வியூ. ஆனால், கம்ப்யூட்டர் பித்து உள்ள பிள்ளை என்றால் நேராக அங்கே போகமாட்டான். வழியில் மென்லோ பார்க்கில், ஓர் அமைதியான குடியிருப்புத் தெருவில் வண்டியை நிறுத்துவான். சாதாரண வீடு. பக்கத்தில் கார் ஷெட்.

1998 செப்டம்பரில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் மாதம் 1,700 டாலர் வாடகைக்குப் பிடித்த ஷெட் அது. ஆண்டி பெக்டோல்ஷைம் என்ற தொழிலதிபர், கம்பெனி பதிவாகும் முன்பே அதன் பெயருக்கு 1 லட்சம் டாலர் செக் எழுதிக் கொடுத்துவிட்டார். செக்கைப் போடக் கணக்குகூட அப்போது இல்லை. வீட்டுக் கடனைக் கட்ட உதவுமே என்று ஷெட்டை வாடகைக்கு விட்டவர் சூசன் வோஜ்சிட்ஸ்கி. பிறகு அவரே அந்த கம்பெனியில் சேர்ந்து, 2014 முதல் 2023 வரை யூடியூபின் தலைவராக இருந்தார். 2024-ல் காலமானார். வீட்டை 2006-லேயே கூகுள் வாங்கிவிட்டது. தெருவில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அங்கிருந்து மவுன்டன் வியூ கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் கால் மணி நேரம். ஆர்வலர்கள் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். 1999-ல் கூகுள் பயன்படுத்திய சர்வர் அடுக்கு ஒன்று இங்கே இருக்கிறது. பெட்டி கிடையாது, மூடி கிடையாது. மலிவான மதர்போர்டுகளைக் கார்க் தக்கை பரப்பிய தட்டுகளில் அப்படியே வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். ஒயர்கள் தாறுமாறாகத் தொங்குகின்றன. விலையுயர்ந்த ஒரு இயந்திரத்துக்குப் பதில் நூறு மலிவு இயந்திரங்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்படி மென்பொருள் எழுதிவிட்டால் போதும் என்பதுதான் யோசனை.

பின்னாளில் வந்த அத்தனைக்கும் விதை இந்தத் தட்டில் இருக்கிறது. தேடலுக்காக இப்படி ஒரு கம்ப்யூட்டர் பட்டாளத்தைக் கட்டிய பிறகு, அதிலேயே தபாலை வைக்கலாம், வரைபடத்தை வைக்கலாம், வீடியோவை வைக்கலாம். 2004 ஏப்ரல் 1 அன்று, மற்றவர்கள் 2, 4 மெகாபைட் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஜிமெயில் 1 ஜிபி என்று அறிவித்தார்கள். முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். சென்னை அசோக் நகரில் வளர்ந்த சுந்தர் பிச்சை கூகுளுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனது அதே நாளில். 2005-ல் மேப்ஸ். 2006-ல் 165 கோடி டாலருக்கு யூடியூப். 2008-ல் பிச்சையின் குழு கொண்டுவந்த குரோம்; அதே ஆண்டு முதல் ஆண்ட்ராய்டு போன். பெரும்பாலும் எதற்கும் காசு கேட்கவில்லை. காசு விளம்பரத்திலிருந்து வந்தது. தெரு முனை மளிகைக்கடை போல இருந்தது ஊர்ச் சந்தையையே வளைத்துக்கொண்டதும், யாரும் வாசலில் டிக்கெட் கேட்காததால்தான்.

சாலையின் மறுகோடியில் கூகுள் வளாகம். பல வண்ண சைக்கிள்கள் ஊழியர்களுக்காக ஆங்காங்கே நிற்கும். ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் வைத்த இனிப்புச் சிலைகள் இங்கே பிரபலம். 'என்' எழுத்து வந்தபோது 'நெய்யப்பம்' என்று பெயர் வைக்கச் சொல்லி மலையாளிகள் பெரிய பிரசாரமே நடத்தினார்கள். கடைசியில் ஜெயித்தது 'நூகட்'. நெய்யப்பத்துக்கு ஒரு சிலை இருந்திருந்தால் அழகாகத்தான் இருந்திருக்கும்!

முற்றத்தில் ஒரு டைனோசர் எலும்புக்கூடு. டி. ரெக்ஸின் வார்ப்பு. படம் எடுக்கிற பலருக்கு அந்த இடத்தின் பழைய கதை தெரியாது. இந்தக் கட்டடங்களைக் கட்டியது சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்ற கம்பெனி. 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்கள் உருவானது அவர்களுடைய கம்ப்யூட்டர்களில்தான். அருங்காட்சியகக் கட்டடமும் முன்பு அவர்களுடையதே. 2003-ல் கூகுள் இங்கே வாடகைக்கு வந்தது. 2006-ல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு கூகுள் 31.9 கோடி டாலருக்கு வளாகத்தை வாங்கியது.

கூகுளிலும் செத்துப்போனவை குறைவில்லை. ரீடர் 2013-ல் மூடப்பட்டது. நம்மூர்க் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு காலத்தில் ராத்திரி பகல் குடியிருந்த ஆர்குட், 2014-ல் போனது. கூகுள் பிளஸ், ஸ்டேடியா என்று பட்டியல் நீளும். இவற்றுக்கெல்லாம் யாரும் இனிப்புச் சிலை வைக்கவில்லை. மூடாதவற்றிலும் விதி மாறும். பேரன் பேத்தி படங்களை எல்லையில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டிருந்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் முதல் 15 ஜிபி கணக்குக்குள் வந்தது. இன்று பல வீடுகளில் 'இடம் நிரம்பிவிட்டது' என்ற அறிவிப்பைப் பார்த்துப் பதறுகிறவர்கள், போனில் மற்ற எதற்கும் பதறாத தாத்தாக்கள்தான். 'டேக்அவுட்' என்ற வசதி கூகுளிலேயே உண்டு. நம்முடைய படம், கடிதம் எல்லாவற்றையும் பார்சல் கட்டி இறக்கிக்கொள்ளலாம். மகன் ஊரில் இருக்கும்போதே ஒரு முறை செய்துவைத்துக்கொள்வது நல்லது.

வளாகத்துக்குப் பின்னால் ஷோர்லைன் பூங்கா. புல்மேடு, ஏரி, பட்டம் விடும் பிள்ளைகள். அடியில் இருப்பது சான் ஃபிரான்சிஸ்கோவின் பழைய குப்பை. 1980-களில் பக்கத்துத் திறந்தவெளி அரங்கில் ரசிகர் ஒருவர் லைட்டரைப் பற்றவைக்க, தரையிலிருந்து கசிந்த மீத்தேன் தீப்பிடித்ததுண்டு. மேட்டில் ஏறி நின்றால் கிழக்கே டிராகன் செதில் போன்ற சூரியத் தகடுக் கூரை தெரியும். நாசா நிலத்தில் 2022-ல் திறந்த பே வியூ வளாகம். அதற்கப்பால் ராட்சத ஹேங்கர், 1930-களில் மேக்கன் என்ற ஆகாயக் கப்பலுக்காகக் கட்டியது. கப்பல் 1935-லேயே கடலில் விழுந்துவிட்டது. ஹேங்கரை இப்போது 60 ஆண்டு குத்தகைக்கு எடுத்திருப்பதும் கூகுளின் துணை நிறுவனம்தான்.

இதே ஊரில் வாடகை கட்ட முடியாமல் வேன்களிலேயே குடியிருக்கும் குடும்பங்களும் உண்டு. குறுகலான தெருக்களில் அவ்வகை வண்டிகளை நிறுத்தத் தடை போட 2020-ல் ஊர்க்காரர்கள் வாக்களித்தார்கள். தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோமை விற்க வேண்டியதில்லை என்று மறு ஆண்டு சொல்லிவிட்டது. மேட்டின் மேல் நிற்கிறவர்களுக்கு இரண்டும் தெரிவதில்லை. காற்று நன்றாக வீசும், அவ்வளவுதான்.

பசி எடுத்தால் பக்கத்து ஊர் சன்னிவேல். இட்லி, வடை, ஃபில்டர் காபி எல்லாம் கிடைக்கும். வழி கேட்பதற்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.